மாநாட்டு மேசையில் அரை மணி நேரம்

அக்டோபர் பிறந்தால் இந்தக் கேள்வி என்னைத் தேடி வந்துவிடும். வார்டு நடையில் நிறுத்திக் கேட்பவர்கள் உண்டு. இரவுச் சமையலை முடித்து உட்காரும் நேரம் பார்த்துப் போன் செய்பவர்களும் உண்டு. "டிசம்பர் மாநாட்டில் இன்டர்வியூவுக்குப் பதிவு பண்ணட்டுமா, வேண்டாமா?" கேட்பவர்கள் பார்மசிப் படிப்பின் கடைசி ஆண்டில் இருப்பார்கள், இல்லையென்றால் ரெசிடென்சியின் முதல் ஆண்டில். அமெரிக்காவின் மிட்வெஸ்ட் பகுதியில் ஒரு பெரிய மருத்துவமனையில் தொற்றுநோய்ப் பிரிவின் பார்மசிஸ்டாக வேலை பார்க்கிறேன். எங்கள் ரெசிடென்ட்களைத் தேர்ந்தெடுக்கும் குழுவிலும் இருக்கிறேன். அந்த இன்டர்வியூ மேசையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து பார்த்தவள் என்பதால், பதில் சொல்லும் பொறுப்பு எனக்கு இருப்பதாகவே நினைக்கிறேன்.

டாக்டர்களுக்கு ரெசிடென்சி உண்டு என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். பார்மசிஸ்டுகளுக்கும் உண்டு என்றால் புருவத்தை உயர்த்துகிறார்கள். உரிமம் பெற அது தேவையில்லை. படித்து முடித்துத் தேர்வெழுதிவிட்டு நேரே மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்ந்துவிடலாம். ஆனால் தீவிர சிகிச்சைப் பிரிவிலோ புற்றுநோய் வார்டிலோ டாக்டர்களோடு ரவுண்ட்ஸ் போய், எந்த மருந்து, எவ்வளவு, எத்தனை நாள் என்று முடிவெடுக்கும் வேலை வேண்டுமென்றால் ரெசிடென்சி இல்லாமல் இன்று கதவு திறப்பது கடினம். முதல் ஆண்டு பொதுவான பயிற்சி, அதற்குப் பெயர் பிஜிஒய்-1. இரண்டாம் ஆண்டு ஒரு துறையில் ஆழமான பயிற்சி, அது பிஜிஒய்-2. இரண்டு ஆண்டும், உரிமம் பெற்ற பார்மசிஸ்ட் வாங்கும் சம்பளத்தில் ஏறக்குறைய பாதிதான் கிடைக்கும். இந்த வழக்கத்தின் வேர் 1927-இல் இருக்கிறது. மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவமனையில் ஹார்வி விட்னி என்பவர் பார்மசிஸ்டுகளுக்கென்று ஒரு பயிற்சித் திட்டத்தைத் தொடங்கினார். 1942-இல் மருத்துவமனைப் பார்மசிஸ்டுகளுக்கான சங்கம் உருவானபோது அதன் முதல் தலைவரும் அவர்தான். அந்தச் சங்கம், ஏஎஸ்ஹெச்பி, டிசம்பர் தோறும் நடத்துவதுதான் மிட்இயர் மாநாடு. லாஸ் வேகஸ், ஆர்லாண்டோ, அனஹைம், நியூ ஆர்லியன்ஸ் என்று ஊர் மாறிக்கொண்டே இருக்கும். 20,000 பேருக்கு மேல் கூடுவார்கள்.

அங்கே ஒரே சமயத்தில் இரண்டு காரியங்கள் நடக்கின்றன. பிள்ளைகள் அவற்றைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். ஒன்று ரெசிடென்சி ஷோகேஸ். பெரிய கூடத்தில் நூற்றுக்கணக்கான மருத்துவமனைகள் ஆளுக்கொரு மேசை போட்டு நிற்கும். அவர்களுடைய ரெசிடென்ட்கள், பயிற்றுவிக்கும் பிரிசெப்டர்கள், திட்ட இயக்குநர் எல்லோரும் அங்கேயே இருப்பார்கள். யார் வேண்டுமானாலும் நெருங்கிப் பேசலாம், மாநாட்டுக்குப் பதிவு செய்திருந்தால் போதும். இன்னொன்று பிபிஎஸ். இது வேலைவாய்ப்புச் சேவை. இதற்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும். முன்கூட்டியே சிவியை ஏற்றி, மருத்துவமனைகளுடன் செய்தி பரிமாறி, நேரம் குறித்துக்கொண்டு போக வேண்டும். திரைச்சீலையால் தடுத்த சிறு பூத்துகள் வரிசை வரிசையாக நிற்கும். ஒரு மேசை, சில நாற்காலிகள், யாரோ பாதி குடித்து வைத்த தண்ணீர் பாட்டில். பக்கத்துப் பூத்தில் பேசுவது இங்கே கேட்கும். அரை மணி முடிவதற்குள் அடுத்தவர் கையில் கோப்போடு வெளியே வந்து நின்றுவிடுவார். பதிவு செய்யலாமா வேண்டாமா என்று அவர்கள் கேட்பது இந்த அரை மணியைப் பற்றித்தான்.

பிஜிஒய்-1 தேடும் மாணவர்களுக்கு என் பதில் பல ஆண்டுகளாக மாறவில்லை. பிபிஎஸ் வேண்டாம். முதல் ஆண்டுத் திட்டங்களில் பெரும்பாலானவை அங்கே இன்டர்வியூ நடத்துவதில்லை. பூத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் இரண்டாம் ஆண்டுக்கோ நேரடி வேலைக்கோ ஆள் தேடுகிறவர்கள். உங்களுக்கு வேண்டியது ஷோகேஸில் இருக்கிறது. அதிலும் இயக்குநரைச் சுற்றி நிற்கும் கூட்டத்தில் முண்டியடிக்க வேண்டாம். மேசையின் ஓரத்தில் சற்றே களைத்த முகத்தோடு நிற்கும் ரெசிடென்டிடம் போங்கள். எத்தனை வார இறுதிக்கு ஒருமுறை மருந்து வழங்கும் வேலை போடுகிறார்கள், இரவுப் பணி உண்டா, ஆராய்ச்சிக்கு என்று நேரம் ஒதுக்குகிறார்களா, போன வருடம் முடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று கேளுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வார இறுதி வேலை என்பதற்கும் நான்கு வாரத்துக்கு ஒருமுறை என்பதற்கும் உள்ள வித்தியாசம், ஜனவரி மாதக் குளிரில்தான் உடம்புக்குத் தெரியும். வலைத்தளம் அதையெல்லாம் உணர்த்தாது.

பிஜிஒய்-2 தேடுபவர்களின் நிலை வேறு. உண்மையான சிக்கலும் அங்கேதான். ஜூலையில் ரெசிடென்டாகச் சேர்ந்தவர் டிசம்பரில் அடுத்த ஆண்டுக்கான துறையைச் சொல்லியாக வேண்டும். ஐந்து மாதம்தான் ஆகியிருக்கும். ஒவ்வொரு பிரிவாக மாறி மாறிப் பயிலும் ரொட்டேஷன்களில் சிலவே முடிந்திருக்கும். விண்ணப்பத்துக்கான கெடு டிசம்பர் கடைசியிலும் ஜனவரித் தொடக்கத்திலும் வந்துவிடும். கடிதம் எழுதித் தர மூன்று பேரைப் பிடித்து வைக்க வேண்டும். இந்த நெருக்கடியில் பிபிஎஸ் என்பது சிலருக்கு நல்ல வாய்ப்பு, சிலருக்கு வெறும் செலவு. விமான டிக்கெட், ஓட்டல், மாநாட்டுக் கட்டணம், அதற்கு மேல் பிபிஎஸ் கட்டணம். அரைச் சம்பளக்காரருக்கு இது கொஞ்சநஞ்சப் பணமில்லை.

நான் ரெசிடென்டாக இருந்தபோது 2011-இல் நியூ ஆர்லியன்ஸ் போனேன். மதுரையில் பி.பார்ம் முடித்து வந்து, வெளிநாட்டுப் பட்டதாரிகளுக்கான தேர்வை எழுதி, பல வருடம் மருந்துக்கடையில் நின்ற பிறகு ரெசிடென்சிக்குள் நுழைந்தவள் நான். தொற்றுநோய்த் துறைதான் வேண்டும் என்பதில் எனக்குக் குழப்பமே இருக்கவில்லை. எந்த இடம் என்பதில்தான் குழப்பம். பெயர் பெற்ற ஒரு பெரிய நிறுவனத்தை மனதில் முதலிடத்தில் வைத்திருந்தேன். அவர்களுடைய பூத்தில் என்னிடம் பேசியவர் அரை மணியும் தங்கள் நிறுவனத்தின் பெருமையைச் சொன்னார். ரெசிடென்டைப் பேசவிடவில்லை. அடுத்து ஒரு சிறிய மருத்துவமனை. அவர்களிடம் நான் ஒரே ஒரு கேள்வி தயாராக வைத்திருந்தேன்: "உங்கள் ரெசிடென்ட் கடைசியாக எப்போது உங்கள் மனதை மாற்றினார்?" இயக்குநர் யோசிக்கவே இல்லை. பக்கத்தில் இருந்த பெண்ணைக் காட்டி, "போன மாதம், இவள்தான்" என்றார். சிறுநீரில் கிருமி வளர்ந்தாலே ஆன்டிபயாடிக் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு வார்டில், அறிகுறி இல்லாத நோயாளிகளுக்கு அது தேவையில்லை என்று அந்த ரெசிடென்ட் கணக்கெடுத்துக் காட்டியிருக்கிறார். வார்டின் நடைமுறையையே மாற்றியிருக்கிறார்கள். அன்று மாலைக்குள் என் வரிசை மாறிவிட்டது. மார்ச்சில் எனக்குக் கிடைத்த இடமும் அந்தச் சிறிய மருத்துவமனைதான்.

இந்த வரிசை என்ற விஷயத்தைச் சொல்லாமல் மேலே போக முடியாது. ரெசிடென்சி இடங்களை மேட்ச் என்ற ஏற்பாடு பங்கிடுகிறது. விண்ணப்பிப்பவர் தான் விரும்பும் இடங்களை வரிசைப்படுத்திக் கொடுக்கிறார், மருத்துவமனையும் தான் விரும்பும் ஆட்களை வரிசைப்படுத்திக் கொடுக்கிறது. மார்ச் முதல் வாரவாக்கில் பட்டியல்கள் மூடப்படும், மாத நடுவில் முடிவு வரும். கணக்கைப் போடுவது டொராண்டோவில் இருக்கும் நேஷனல் மேட்சிங் சர்வீசஸ். அந்தக் கணக்கின் அடிப்படையை டேவிட் கேல், லாயிட் ஷேப்ளி என்ற இருவர் 1962-இல் எழுதினார்கள். பின்னால் ஆல்வின் ராத், எலியட் பெரான்சன் இருவரும் அதை நடைமுறைக்கு ஏற்பத் திருத்தி அமைத்தார்கள். 2012-இல் ராத்துக்கும் ஷேப்ளிக்கும் பொருளியல் நோபல் பரிசு கிடைத்தது. செயல்முறை எளிது. உங்கள் பட்டியலில் முதல் இடத்தைக் கணினி முதலில் முயன்று பார்க்கும். அங்கே இடம் இருந்தால் தற்காலிகமாக உட்கார வைக்கும். அந்த மருத்துவமனை உங்களைவிட மேலாக வைத்த ஒருவர் பின்னால் வந்தால், உங்களை எழுப்பிவிட்டு உங்களுடைய இரண்டாவது இடத்தை முயலும். ஆகவே "அவர்கள் என்னை எடுப்பார்களா" என்று கணித்துப் பட்டியலை மாற்றுவதில் எந்த லாபமும் கிடையாது. ஆசைப்பட்ட வரிசையில் அப்படியே எழுதிக் கொடுப்பதுதான் விண்ணப்பிப்பவருக்கு நல்லது. "எங்களை எத்தனையாவதாக வைப்பாய்" என்று மருத்துவமனை கேட்கவும் விதி அனுமதிப்பதில்லை. அதனால் டிசம்பர் பூத்தில் யாரும் யாருக்கும் இடத்தை உறுதி சொல்ல முடியாது. பிபிஎஸ் போனால் சீட் கிடைத்துவிடும் என்று நம்பிப் போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

பிறகு எதற்குப் போவது? உங்கள் பட்டியல் உண்மையான பட்டியலாக இருக்க வேண்டும், அதற்குத்தான். முகம் பார்த்துப் பேசினால் தெரிகிற சில விஷயங்கள் உண்டு. 2020-லும் 2021-லும் மாநாடே திரையில்தான் நடந்தது. அதன் பிறகு, விண்ணப்பங்களைப் பார்த்து அழைப்பவர்களுக்கு பிப்ரவரியில் வைக்கும் முழுநாள் இன்டர்வியூக்களைப் பல மருத்துவமனைகள் திரையிலேயே வைத்துக்கொண்டுவிட்டன. செலவு மிச்சம், அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒரு வருடம் யாருக்குக் கீழே தினமும் பத்து மணி நேரம் நிற்கப் போகிறோமோ, அவரை ஒருமுறைகூட நேரில் பார்க்காமல் முடிவெடுப்பது எனக்குச் சம்மதமில்லை. இப்போது பிபிஎஸ்ஸுக்கு ஆதரவாக நான் சொல்லும் வலுவான காரணம் இது ஒன்றுதான்.

மேசையின் இந்தப் பக்கத்திலிருந்து பார்த்த ஒரு அரை மணியைச் சொல்கிறேன். 2022, லாஸ் வேகஸ். நாள் முழுக்க ஆட்களைப் பார்த்துக் களைத்திருந்த நேரத்தில் ஒரு இளைஞர் வந்து உட்கார்ந்தார். சிவி சாதாரணமானது. நான் எல்லோரிடமும் கேட்பதையே கேட்டேன்: நீங்கள் இருந்ததால் சிகிச்சை மாறிய ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்லுங்கள். ரத்தத்தில் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் கிருமி வளர்ந்த ஒரு நோயாளி. பென்சிலின் ஒவ்வாமை என்று கோப்பில் எழுதியிருந்ததால் வான்கோமைசின் ஓடிக்கொண்டிருந்தது. கிருமியோ மெதிசிலினுக்குக் கட்டுப்படும் வகை. அந்த வகைக்கு செஃபசோலின்தான் மேலான மருந்து, வான்கோமைசின் அதற்கு ஈடாகாது. இது எல்லோரும் படித்ததுதான். இவர் செய்தது, நோயாளியிடம் அனுமதி கேட்டு அவருடைய தாயாருக்குப் போன் போட்டது. குழந்தைப் பருவத்தில் காதுவலிக்கு மருந்து சாப்பிட்டபோது லேசாகத் தடிப்பு வந்தது, மூச்சுத்திணறல் எதுவும் இல்லை, பிறகு அமாக்சிசிலின் கொடுத்தும் ஒன்றும் ஆகவில்லை என்று தாயார் சொல்லியிருக்கிறார். செஃபசோலினின் பக்கச் சங்கிலி பென்சிலின்களுடையதிலிருந்து வேறுபட்டது என்பதையும் எடுத்துச் சொல்லி டாக்டரைச் சம்மதிக்க வைத்திருக்கிறார். அதோடு நிற்கவில்லை. கோப்பிலிருந்த ஒவ்வாமைக் குறிப்பைத் திருத்தி, நோயாளியின் வழக்கமான மருந்துக்கடைக்கும் போன் செய்து சொல்லியிருக்கிறார். "அவர் வீட்டுக்குப் போன பிறகும் பழைய குறிப்பு அங்கே இருக்குமே" என்றார். நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். அந்த சிவியை வீட்டிலிருந்து படித்திருந்தால் நடுவில் எங்கோ ஒரு குவியலில் போட்டிருப்போம். மாநாட்டு இன்டர்வியூ சிலருக்கு இப்படிக் கைகொடுக்கிறது. காகிதத்தில் தெரியாத, பேசினால் தெரிகிற ஆட்களுக்கு.

ஆனால் அவரிடம் சொல்வதற்கு ஒரு விஷயம் இருந்தது. வார்டில் செய்யாத வேலையைப் பூத்தில் பேச முடியாது.

இதற்கு எங்கள் குடும்ப நண்பர் ஒருவரின் மகள் ஓர் உதாரணம். தென் மாநிலம் ஒன்றில் முதல் ஆண்டு ரெசிடென்ட். அக்டோபரில் ஒருநாள் இரவு போன் செய்தாள்.

"அக்கா, எங்க ஆஸ்பத்திரியிலயே கிரிட்டிகல் கேர் பிஜிஒய்-2 தர்றேங்கறாங்க. மேட்ச்சுக்கே போக வேண்டாம். ஆனா எனக்கு டிரான்ஸ்பிளான்ட் மேலயும் ஒரு ஆசை இருக்கு. பிபிஎஸ் போய் நாலு இடத்துல பேசிப் பார்த்தா தெளிவாயிடுமா?"

"டிரான்ஸ்பிளான்ட் ரொட்டேஷன் பண்ணிட்டியாம்மா?"

"இல்லக்கா. பிப்ரவரியிலதான் வருது."

"நவம்பருக்கு மாத்தித் தரச் சொல்லிக் கேட்டியா?"

"அப்படிக் கேட்கலாமா?"

"கேட்கத்தான் வேணும். உங்க டைரக்டரோட வேலையே அதுதான். நீ பார்க்காத வேலையப் பத்தி பூத்துல உட்கார்ந்து என்ன பேசுவே? அவங்கதான் என்ன கேட்பாங்க?"

தன் மருத்துவமனையிலேயே இரண்டாம் ஆண்டுக்கும் தொடர்வதற்கு முன்கூட்டியே ஒப்புக்கொள்ளும் வழி மேட்ச் விதிகளில் உண்டு. டிசம்பரிலேயே அதை முடித்துக்கொள்ள வேண்டும். ஆகவே அவளுக்கு நாள் குறைவு. இயக்குநர் மறுபேச்சில்லாமல் ரொட்டேஷனை மாற்றிக் கொடுத்தார். நவம்பர் முழுக்க மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்களோடு இருந்தாள். காலையில் டாக்ரோலிமஸ் அளவைப் பார்ப்பது, பூஞ்சைத் தொற்றுக்கு ஃப்ளூகனசோல் சேர்த்தால் அந்த அளவு ஏறுமே என்று முன்கூட்டியே டோஸைக் குறைப்பது, வீட்டுக்குப் போகிறவருக்கு மாத்திரைப் பெட்டியை நிரப்பக் கற்றுக்கொடுப்பது. வேலை பிடித்திருந்தது, ஆனால் மனம் ஐசியூவிலேயே இருந்தது என்று நவம்பர் கடைசியில் சொன்னாள். கிரிட்டிகல் கேருக்குக் கையெழுத்துப் போட்டாள். மாநாட்டுக்குத் தன் ஆராய்ச்சிப் போஸ்டரை மட்டும் எடுத்துக்கொண்டு போனாள், பிபிஎஸ்ஸுக்குப் பணம் கட்டவில்லை. அவள் டிரான்ஸ்பிளான்டைத் தேர்ந்திருந்தால், கட்டாயம் கட்டு என்றுதான் சொல்லியிருப்பேன். அந்தத் துறையில் திட்டங்கள் குறைவு, நாடு முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. ஒரே கூரையின் கீழ் அவர்களில் பலரைப் பார்க்க டிசம்பரை விட்டால் வேறு வழியில்லை. வெளிநோயாளிகளைப் பார்க்கும் ஆம்புலேட்டரி கேர் போல நிறைய இடங்கள் உள்ள துறை, அதுவும் ஒரே மாநிலத்துக்குள் இருக்க விரும்புகிறவர் என்றால், அந்தப் பணத்தை வைத்துக்கொண்டு காரில் போய் இரண்டு மருத்துவமனைகளை நேரில் பார்த்துவிட்டு வரலாம்.

போவதென்று முடிவு செய்தவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இன்டர்வியூக்களை அடுக்கடுக்காகப் போட்டுக்கொள்ளாதீர்கள். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் இடைவெளி விட்டு, வெளியே வந்து உட்கார்ந்து, யார் என்ன சொன்னார்கள் என்று உடனே எழுதி வையுங்கள். மாலைக்குள் முகங்களும் பெயர்களும் கலந்துவிடும். மார்ச்சில் பட்டியல் போடும்போது அந்தக் குறிப்பேடுதான் துணைக்கு இருக்கும். பூத்தில் நன்றாகப் பேசிவிட்டோம் என்பதற்காக விண்ணப்பக் கடிதத்தில் அசட்டையாக இருந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். மாநாட்டில் எங்களுக்குப் பிடித்தவர்களையும் ஜனவரியில் மற்றவர்களோடு சேர்த்து முதலிலிருந்துதான் மதிப்பிடுகிறோம். முதல் சுற்றில் இடம் கிடைக்காவிட்டாலும் 2016-இலிருந்து இரண்டாம் சுற்று ஒன்று இருக்கிறது, அதில் நல்ல இடங்கள் வருகின்றன. மருந்து நிறுவனங்களின் ஃபெலோஷிப்பைத் தேடுகிறவர்களுக்கு நான் சொன்ன கணக்கு எதுவும் பொருந்தாது. அது மேட்ச்சுக்குள் வருவதில்லை, நிறுவனம் நேரடியாகவே இடத்தைக் கொடுக்கிறது.

கடைசியாக, தமிழ்நாட்டிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு ஒரு விஷயம். நான் வந்தபோது வெளிநாட்டுப் பட்டதாரிகளுக்கான தேர்வை எழுத நான்கு ஆண்டு பி.பார்ம் போதுமானதாக இருந்தது. 2003 முதல் பட்டம் பெற்றவர்களிடம் ஐந்து ஆண்டுப் படிப்பைக் கேட்கிறார்கள். நம் நாட்டில் 2008-இல் தொடங்கிய ஆறு ஆண்டு ஃபார்ம்.டி. படிப்பு அந்த வரம்புக்குள் வருகிறது. ஆனால் தகுதிச் சான்றிதழ் கையில் இருந்தாலும் வேலை விசாவுக்குப் பொறுப்பேற்க முடியாது என்று பல மருத்துவமனைகள் தங்கள் அறிவிப்பிலேயே எழுதியிருக்கும். எழுதாதவர்களிடம் பூத்தில் உட்கார்ந்த பிறகு கேட்டால், இருக்கிற அரை மணியும் அதிலேயே போய்விடும். விசா கொடுப்பார்களா என்பதை நவம்பரிலேயே மின்னஞ்சலில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். ஆம் என்று சொன்னவர்களை மட்டும் வைத்து எண்ணிப் பாருங்கள். நேரில் பார்க்க வேண்டிய இடங்கள் அதில் இருந்தால் டிக்கெட் எடுங்கள்.